கேட்காதவருக்கு முதல் பரிசு

அந்த மருத்துவமனையின் வாசலில் ஆளுயர எழுத்தில் 'கேட்காமலே கொடுப்போம்' என்று எழுதியிருக்கும். நல்ல வாசகம்தான். எழுதியவரும் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் எழுதி மாட்டிய பிறகு நிர்வாகத்துக்கு ஒரு சங்கடம் வந்தது. நோயாளிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊசி எப்போது, பரிசோதனை முடிவு எப்போது, மருத்துவர் வந்துவிட்டாரா, இந்த மாத்திரை எதற்கு. ஒருவர் கேட்கிறார் என்றால், கேட்பதற்கு முன்னால் கொடுக்கவில்லை என்றல்லவா ஆகிறது? வாசலில் இருப்பது பொய்யாகிவிடும். இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். கொடுப்பதைக் கூட்டுவதைவிடக் கேட்பதைக் குறைப்பது சுலபம் என்று முடிவுக்கு வந்தார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் கோப்பு நிறம். ஒரு கேள்வியும் கேட்காத நோயாளிக்குப் பச்சைக் கோப்பு. ஒன்று கேட்டால் மஞ்சள். அந்தக் கேள்வியை ஆராய மூன்று வாரம் எடுத்துக்கொள்வார்கள், அதுவரை நோயாளியின் நாள் தள்ளிப்போகும். இரண்டு கேட்டாலோ, ஒன்றையே குரலை உயர்த்திக் கேட்டாலோ சிவப்பு. சிவப்புக் கோப்புக்காரர் மூன்றாம் மாடியிலுள்ள உரையாடல் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே மருத்துவர் கிடையாது. ஒரு பூச்சாடியும், தலையாட்டிக் கேட்டுக்கொள்ள ஓர் அம்மாளும் உண்டு. அந்த அம்மாள் ரொம்பக் கனிவானவர். எல்லாவற்றையும் கனிவாகக் கேட்டு முடித்து, வரிசையின் கடைசியில் போய் நிற்கும்படி அனுப்பிவைப்பார்.

நம்முடைய அளவுக்காரர் பச்சைக் கோப்புக்காரர்.

அளவுக்காரர் என்பது கடையில் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாகக் காலணிக் கடையில் விற்பனையாளர். வாசலில் ஆள் நுழையும்போதே நடையைப் பார்த்து, இவருக்கு எட்டு, அந்தப் பெண்ணுக்கு ஐந்து, ஆனால் இடது கால் கொஞ்சம் பெரியது என்று சொல்லிவிடுவார். முழங்காலிட்டு அமர்ந்து, அடுத்தவர் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கி, காலணிக்குள் நுழைப்பார். பித்தவெடிப்பு, ஆணி, மூட்டு வளைவு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தப்பியது ஒரே ஒரு குதிகால்தான். அது அவருடையது.

அதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. பள்ளி வேன் ஓட்டுகிறவள். இருபது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே தன் குரலை வைத்துப் பழகியவள். ஒரு ஞாயிறு மதியம், சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தவரின் இடது குதிகாலைப் பார்த்து, என்ன கறுப்பு இது என்று கேட்டாள். பாலிஷ் ஒட்டியிருக்கும் என்றார். ஈரத்துணி கொண்டுவந்து தேய்த்தாள். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஓரங்கள் சிதறிய மைச்சொட்டு மாதிரி அது அப்படியே இருந்தது. மறுநாளே வேனில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டாள்.

மெலனோமா என்றார்கள். தோலில் நிறம் தரும் உயிரணுக்களில் வருகிற புற்றுநோய். வெள்ளைத்தோல்காரர்களுக்கு வெயிலால் வருவது என்று எங்கேயோ படித்திருந்தவருக்கு, நம்மைப் போன்ற நிறத்தாருக்கு உள்ளங்காலிலும் நகத்துக்கடியிலும் அது ஒளிந்துகொண்டு வரும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்தவன் தன் காலைப் பார்க்கவில்லையே என்று கூனிக்குறுகிப்போனார். கடையில் யாரிடமும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. காலில் ஒரு சின்ன வெட்டு என்று மட்டும் சொன்னார்.

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பெண் அறுவை மருத்துவர் அந்த இடத்தை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார். கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். இந்த நோய் மறுபடி தலைகாட்டினால் பெரும்பாலும் முதலில் தொடையிடுக்கில்தான் நெறி கட்டிக்கொண்டு வரும்; மாதம் ஒருமுறை மூன்று விரலால் அழுத்திப் பாருங்கள். "ஏதாவது தட்டுப்பட்டா அன்னைக்கே வாங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

அதற்குப் பிறகு அவர் அந்த மருத்துவரைப் பார்க்கவில்லை. பச்சைக் கோப்புக்காரர் நலமாக இருப்பவர் என்பது நிர்வாகத்தின் கணிப்பு. நலமாக இருப்பவரைப் பார்த்து மருத்துவர் ஏன் நேரத்தை வீணாக்க வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் போகும்போது ஓர் உதவியாளர் வருவார். கோப்பில் 'குதிகால்' என்று இருக்கும். குதிகாலைப் பார்ப்பார். முத்திரை குத்துவார்.

பதின்மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில், அளவுக்காரரின் நடுவிரலுக்குக் கீழே ஒரு பட்டாணி உருண்டது.

கையை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடியும் உருண்டது. வெளியே மனைவி, தண்ணீரையெல்லாம் நீங்களே தீர்த்துடாதீங்க என்று குரல் கொடுத்தாள். இதோ வந்துட்டேன் என்றார். வந்தார். சொல்லவில்லை. மருத்துவமனையில் காட்டிவிட்டு, ஒன்றுமில்லை என்ற செய்தியோடு சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

சீட்டுக் கொடுக்கும் பெண் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பாள். அவள் பேசுவது கூரையிலுள்ள ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுவதும் கேட்கும். அது நோயாளிகளின் வசதிக்காக.

"உங்களுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கே. எதுக்கு வந்தீங்க?"

"ஒரு கட்டி மாதிரி…"

"கட்டி எங்க?" என்று கூரை கேட்டது.

அளவுக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். போன மாதம்தான் அந்தப் பெண்ணுக்கு ஆறாம் அளவில் வெள்ளைக் காலணி எடுத்துக் கொடுத்திருந்தார். அவர்களும் அடையாளம் கண்டுகொண்டு மரியாதையாகப் புன்னகைத்தார்கள்.

"கால்லங்க."

"கால்ல எங்க?"

"கொஞ்சம் மேல."

"கணுக்காலுக்கு மேலயா, முட்டிக்கு மேலயா?"

காதுமடல் இரண்டும் கொதித்தன. "காலுதாங்க," என்றார்.

சீட்டுக் கொடுக்கும் பெண்ணுக்கு அவர்மேல் நிஜமாகவே அக்கறை. அவ்வளவு நல்ல கோப்பு. எதிரிலிருந்த ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, காலுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் நாள், முன்னாலேயே வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் மஞ்சளாகிவிடும், மாற்றட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். மாற்றினால் ஏழு வாரம் பத்தாகும் என்பதையும் அவளே சொன்னாள்.

"வேண்டாம்மா. நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார் அளவுக்காரர். சும்மா அந்தப் பக்கம் போக அது பூங்கா இல்லை. வீட்டில், வழக்கமான சோதனைதான், எல்லாம் நல்லா இருக்காம் என்று மனைவியிடம் சொல்லும்போது, அவர் பார்வை சுவரிலிருந்த நாட்காட்டியில் இருந்தது.

இரண்டாம் வாரம், கடைக்குப் போகும் வழியில் மறுபடி நுழைந்தார். கூடத்திலிருந்த பழைய நோயாளிகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மீன்தொட்டி இருந்தது. கேட்க வேண்டியதை மீனிடம் கேட்பார்கள். என் ஸ்கேன் என்ன ஆச்சோ என்று ஒரு பெரியவர் தங்கமீனிடம் வருத்தப்படுவார். சீட்டுக் கொடுக்கும் பெண்ணும் மீனைப் பார்த்தபடியே, திங்கட்கிழமை வந்துடும் என்பாள். யாரும் யாரையும் கேட்டதாகாது. அளவுக்காரர் அரைமணி நேரம் நின்று ஆள் குறையும்வரை பார்த்தார். தொட்டியருகே குனிந்தார். வாயைத் திறந்தார். மீனும் வாயைத் திறந்தது. தொடையிடுக்கு என்ற சொல்லை ஒரு மீனிடம்கூட அவரால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் வாரம் போனபோது தொட்டி இல்லை. மீன்களிடம் கேட்கப்படும் கேள்விகளின் எண்ணிக்கை கவலையளிக்கும் அளவை எட்டியதால் தொட்டி அகற்றப்பட்டது என்று அந்த இடத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பட்டாணி இப்போது கோலிக்குண்டாகியிருந்தது.

நான்காம் வாரம் கடிதம் வந்தது. ஆண்டின் அமைதி நோயாளியாக அவர் தேர்வு செய்யப்பட்டிருந்தார். முதல் பரிசு, கண்ணாடிக் கேடயம், இயக்குநர் தலைமையில் விழா, குடும்பத்தோடு வரவும்.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "கேள்வி கேட்காததுக்கு முதல் பரிசா? அப்ப எனக்கு இந்த ஜென்மத்துல கிடைக்காது," என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, சந்தோஷமா இல்லையா என்றாள். சந்தோஷம்தான் என்றார். அவள் அவருடைய நல்ல சட்டையைத் தேடியெடுத்து, காலரில் பிரிந்திருந்த தையலைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் பல்லால் நூலைக் கடித்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற ஒரே காரணத்தால் இன்னும் ஒரு நாள் சொல்லவில்லை. அப்படித்தான் ஒவ்வொரு நாளும் போயிற்று. சொல்லாத நாள் கூடக்கூடச் சொல்வது கடினமாயிற்று.

விழாவுக்கு முன்னால் நோயாளி நலன் மேலாளர் அவரை நேரில் அழைத்தார். இளைஞர். மேசையில் அவருடைய கோப்பைத் தவிர ஒரு தாளும் இல்லை. கோப்பைப் புரட்டிப் புரட்டி வியந்தார்.

"பதினாலு மாசம். ஒரு கேள்வி இல்ல. கழிவறை எங்கன்னுகூட நீங்க கேட்டதில்ல. எப்படிச் சமாளிச்சீங்க?"

"வீட்டுக்குப் போயிடுவேங்க."

மேலாளரின் கண் கலங்கியது. அந்த ஈரத்தைக் கண்டுதான் அளவுக்காரருக்குத் தைரியம் வந்தது. மெதுவாக, சார், எனக்கு ஒரு கட்டி என்று தொடங்கினார். மேலாளர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் கேட்டாகணும். கேட்டா எழுதியாகணும். எழுதினா மஞ்சள். முன்னூறு அழைப்பிதழ் அச்சடிச்சாச்சு, உங்க போட்டோவோட. நீங்க நல்ல மனுஷர், எங்களை அந்த நிலைமைக்குத் தள்ளமாட்டீங்க. விழா வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வாங்க, நானே முன்ன நின்னு மஞ்சளாக்கித் தர்றேன்."

இதைக் கேட்டு அளவுக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்னூறு அழைப்பிதழை நினைத்துப் பாவமாக இருந்தது. தொந்தரவு கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தார். படியிறங்கும்போது, கட்டி இருப்பவன் நானா அவரா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் யாரிடமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் இயக்குநர், மேலாளர், வரிசையின் கடைசி நாற்காலியில் நரைமுடி மருத்துவர். அவர் கைப்பேசியைப் பார்த்தபடி இருந்தார். மனைவி மூன்றாம் வரிசையில் இருந்தாள்.

இயக்குநர் கம்பீரமாகப் பேசினார். போன ஆண்டு நான்காயிரம் கேள்விகள். இந்த ஆண்டு இருநூற்றுப் பன்னிரண்டு. இதைவிட ஒரு மருத்துவமனை என்ன சாதிக்க முடியும் என்று கேட்டு, அது கேள்வியல்ல, பேச்சுநடை என்று மேலாளர் பக்கம் திரும்பித் தெளிவுபடுத்தினார்.

"நோய்களை நம்மால் ஓரளவுக்குத்தான் குறைக்க முடியும். அதற்கு நிறையச் செலவும் ஆகிறது. ஆனால் நோயைப் பற்றிய பேச்சை முழுவதுமாகவே ஒழிக்க முடியும். உலகத்திலேயே அதை முதலில் செய்து காட்டியவர்கள் என்ற பெருமை நமக்குத்தான் கிடைக்கப்போகிறது," என்றபோது கைதட்டல் எழுந்தது.

முதலில் இரண்டாம் பரிசு. அதைப் பெற வேண்டியவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து மாதமாக நினைவில்லாமல் இருந்ததால், மகன் வந்து வாங்கிக்கொண்டார். ஐந்து மாதமும் அப்பழுக்கற்ற அமைதி. ஆனாலும் மயக்கத்தில் இருப்பவருக்கு முதல் பரிசு தருவது, விழித்திருந்தும் வாய் திறக்காதவர்களுக்குச் செய்கிற அநீதி என்று நடுவர்கள் கருதியதாக மேலாளர் விளக்கினார்.

பிறகு அளவுக்காரர். கேடயத்தைக் கையில் கொடுத்து, கூடவே ஓர் அட்டையும் கொடுத்தார்கள். ஏற்புரை அதில் அச்சிட்டிருந்தது. மூன்று வரி. 'நான் கேட்கவில்லை. ஆனாலும் கிடைத்தது. நன்றி.'

"நான் கேட்கவில்லை," என்று வாசித்தார்.

அது உண்மைதான். அவ்வளவு உண்மையான ஒரு வாக்கியத்தை அவர் அந்தக் கட்டடத்தில் சொன்னதேயில்லை. குளியலறையில் கேட்கவில்லை, கூரையிடம் கேட்கவில்லை, மீனிடம் கேட்கவில்லை. அடுத்த வரிக்கு வந்தார். இரண்டே சொல். அதைச் சொல்லிவிட்டால் உட்கார்ந்துவிடலாம். வாய் வரவில்லை.

"கிடைக்கலைங்க," என்றார்.

அரங்கத்தில் ஓர் இருமல் கேட்டது.

"அஞ்சு வாரமாக் கட்டி இருக்கு. அன்னைக்கே வரணும்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. நான் சொல்லலை. எனக்கு… இடம் அப்படி." கேடயம் ஒரு கையில், அட்டை மறு கையில். காட்டுவதற்குக் கையில்லாமல், அட்டையாலேயே தன் இடது தொடையிடுக்கைத் தொட்டுக் காட்டினார். முன்னூறு பேரின் பார்வையும் அவருடைய கால்சட்டையின் அந்த இடத்துக்கு வந்து நின்றது. தரை பிளந்தால் தேவலாம் என்றிருந்தது. ஆனால் அதெல்லாம் பெரிதில்லை. மூன்றாம் வரிசையில் அவள் எழுந்து நிற்பதைப் பார்த்தார். அவளுக்கும் அது இப்போதுதான் தெரிகிறது, ஊரோடு சேர்த்து, ஒலிபெருக்கியில். அந்த வெட்கத்துக்கு முன்னால் கால்சட்டை வெட்கம் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அவர் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார், ஒரு கைதட்டல் கொடுங்கள் என்று இயக்குநர் குறுக்கிட்டார். சிலர் தட்டவும் செய்தார்கள். அதற்குள் மனைவி மேடைக்குக் கீழே வந்துவிட்டாள்.

"எங்க ஆளை யார் பாக்கப்போறீங்க, எப்ப?" என்றாள். வேன் குரல். அதற்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

மேலாளர் பணிவாகக் குனிந்தார். "அம்மா, உங்க கோப்பு என்ன நிறம்?"

"எனக்கு நோயில்ல, கோப்பில்ல. என்ன வேணா கேட்பேன்."

மேலாளர் திகைத்தார். இதற்கு விதியில்லை. ஆனால் அவள் அவரை விட்டுவிட்டுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குன்னா நான் கேட்பேன். இது உங்க உடம்பு. நீங்க கேளுங்க," என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது. அதைவிடக் கீழே வேறு ஒன்றும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அளவுக்காரர் கேடயத்தைத் தரையில் வைத்தார். கடைசி நாற்காலிக்கு நடந்தார். ஒட்டுத்தோல் போட்ட குதிகால் வலித்தது.

"டாக்டரம்மா, இன்னைக்கே பார்ப்பீங்களா?"

பதினான்கு மாதத்தில் அவருடைய முதல் கேள்வி. மேலாளர் பையிலிருந்து பேனாவை எடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

மருத்துவர் எழுந்துவிட்டிருந்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. "உங்க கோப்பு என் மேசைக்கு வரவேயில்லையே. வரலைன்னா நல்லா இருக்கீங்கன்னு நெனச்சுட்டேன். நானும்தான் கேட்கலை," என்றார். பிறகு, வாங்க என்று மேடைக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

அது நாற்காலிகளை அடுக்கிவைக்கும் அறை. விழாப் பலகை எழுதிய சாயத்தின் வாடை. அளவுக்காரர் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தார். மருத்துவரின் விரல்கள் குளிர்ந்திருந்தன. அழுத்தினார், நகர்த்தினார், மறுபடி அழுத்தினார். கைப்பேசியில் யாரையோ அழைத்து, ஊசி வைத்துச் சோதனை எடுக்க வேண்டும், இன்றைக்கே, நிறம் எனக்குத் தெரியாது, ஆள் என் முன்னால் இருக்கிறார் என்றார்.

ஆறு நாளில் முடிவு வந்தது. நெறிக்கட்டிக்குள் மெலனோமா இருந்தது. ஸ்கேனில் வேறெங்கும் இல்லை. வரும் வியாழக்கிழமை அறுவை, அதன் பிறகு ஒரு வருடம் நரம்பு வழியாக மருந்து. மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். மனைவி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில், அளவுக்காரர் உட்கார்ந்தபடியே இருந்தார்.

"அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே வந்திருந்தா?"

மனைவியின் பேனா நின்றது. மருத்துவர் சமாதானமாக ஏதாவது சொல்லலாம். வாசலில் எழுதியிருப்பதைப் போல ஏதாவது அழகாகச் சொல்லலாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சின்னதா இருந்திருக்கும்," என்றார். "வெட்டுறதும் கொஞ்சமா இருந்திருக்கும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்."

அளவுக்காரர் தலையாட்டினார். இதற்குத்தான் இத்தனை நாளும் பயந்தார். கேட்டாயிற்று.

இதற்கிடையில் நிர்வாகக் குழு இரண்டு முறை கூடியது. மேடையில் கேட்ட கேள்வி மருத்துவமனைக்குச் சொந்தமான ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கேட்கப்பட்டதால், அதில் மருத்துவமனைக்கும் பங்கு உண்டா என்று விவாதித்தார்கள். மனைவி கேட்டதைக் கணவன் கணக்கில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. மருத்துவரிடம் தனியறையில் கேட்டதும் சேர்ந்தது. கோப்பு சிவப்பானது. கேடயத்தைத் திருப்பி ஒப்படைக்கும்படி கடிதம் வந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஏற்புரை கிடையாது என்று சுற்றறிக்கையும் வந்தது. வியாழக்கிழமை அறுவைக்கு முன்னால் அவர் மூன்றாம் மாடிக்குப் போய்க் கனிவான அம்மாளைப் பார்த்துவர வேண்டும் என்றார்கள். நரைமுடி மருத்துவர் அந்தக் கடிதத்தை வாங்கி, தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அந்தக் குற்றத்துக்காக அவருக்கு எந்த நிறக் கோப்பு திறப்பது என்று குழு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

முடிவு தெரிந்த அந்த நாள், இருவரும் வெளியே வந்து வேனில் ஏறினார்கள். பிள்ளைகளை ஏற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பின்னால் காலி இருக்கைகள், ஒன்றில் யாரோ விட்டுப்போன தண்ணீர்ப் புட்டி. அவள் சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. ஆறு நாளாக அவள் அவரிடம் சாப்பாடு, மருந்து, துவைத்த சட்டை தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

"மன்னிச்சிடு," என்றார்.

அவள் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடி இருந்தாள். பார்வையைத் திருப்பாமலே கேட்டாள். "என்கிட்ட சொல்லாதது இன்னும் ஏதாவது இருக்கா?"

அளவுக்காரர் யோசித்தார். அவளிடம் பொய்யாக ஒன்றும் சொல்லக் கூடாது என்று நிஜமாகவே யோசித்தார்.

"பயமா இருக்கு," என்றார்.

"அது எனக்குத் தெரியும்," என்றாள் அவள். வண்டியைக் கிளப்பினாள். "வேற?"